ஃபேன் எரர் வந்தால் எஃப்1 தட்டாதீர்கள்

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானதும் சிவகாசி டிடிபி சென்டர்களுக்குத் தூக்கம் போய்விடும். அந்த நெருக்கடியில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ‘சிபியு ஃபேன் எரர், பிரஸ் எஃப்1’ என்று வந்தால், பலரும் எஃப்1-ஐத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

பிராசஸர் மேலுள்ள ஃபேன் சுற்றவில்லை, அல்லது மதர்போர்டு எதிர்பார்க்கும் வேகத்தில் சுற்றவில்லை என்பதே அதன் பொருள். சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். சேவ் செய்யாத டிசைனும் அதோடு போகும்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மை ஒட்டாமலிருக்க ஆஃப்செட் தாளின் மேல் தூவும் ஸ்பிரே பவுடரும் காகிதத் தூசியும் சேர்ந்து, ஹீட்சிங்க் இடுக்குகளைக் கம்பளிபோல அடைத்திருக்கும். இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, கை பிளோயரால் ஊதுங்கள். ஃபேன் நன்றாகச் சுற்றியும் எரர் வருகிறதா? கடைசியாக சர்வீஸ் செய்தவர் ஒயரை ‘சிபியு ஃபேன்’ பின்னில் செருகாமல் பக்கத்திலுள்ள கேபினெட் ஃபேன் பின்னில் செருகியிருக்கலாம். கையால் தள்ளினால் முரண்டு பிடிக்கிறதென்றால் பேரிங் போய்விட்டது, ஃபேனை மாற்றத்தான் வேண்டும். பயாஸில் எச்சரிக்கையை மட்டும் அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீங்களாகத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

பட்டாசு ஆலை அலுவலகத்து மெஷின் என்றால் விஷயமே வேறு. உடையிலும் செருப்பிலும் ஒட்டிவரும் அலுமினியப் பவுடர் உள்ளே படிந்திருக்கக்கூடும். அது மின்சாரத்தைக் கடத்தும், போர்டை ஷார்ட் ஆக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அடைத்த அறையில் அதை ஊதுவது. காற்றில் மிதக்கும் அலுமினியத் தூள் வெடிக்க ஒரு பொறி போதும். வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் மோட்டாரிலேயே பொறி பறக்கும். ஈரத்துணியும் வேண்டாம், அலுமினியப் பவுடரில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு தெரிந்தால் மூடியைப் போட்டுவிட்டு ஃபோர்மேனிடம் சொல்லுங்கள். சர்வீஸ் கடைக்கு அனுப்பினால் மெஷின் எங்கிருந்து வருகிறது என்று மறைக்காமல் சொல்லியனுப்புங்கள். பிளோயரைக் கையில் எடுக்கப்போகிறவர் பெரும்பாலும் இருபது வயதுப் பையன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு.

இனி, பணம் சம்பந்தப்பட்ட உரிமைகள். இன்டெல், ஏஎம்டி இரண்டுமே பெட்டியோடு விற்கும் பிராசஸருக்கு 3 ஆண்டு வாரண்டி தருகின்றன. பெட்டிக்குள் ஃபேன் வந்தால் அதற்கும் சேர்த்துத்தான். அசெம்பிள் செய்து வாங்கும்போது அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ‘நீங்க தொழிலுக்கு வாங்கினது, கேஸ் நிக்காது’ என்று கடைக்காரர் மிரட்டினால் பயப்படாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவரையும் அந்தச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. ஆட்களை வைத்து நடத்தும் பெரிய அச்சகத்துக்கு இந்த வாதம் எடுபடுவது கடினம்.

முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை மதுரையிலோ சென்னையிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, சர்வீஸுக்குக் கொடுத்தபோது வாங்கிய ரசீது, எரர் தெரியும் திரையின் போட்டோ ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.