இந்த பேப்பர்ல சைபர் வாங்கினா பாஸா?

மத்தியானம் கடைசி பீரியட். ஹெச்.ஓ.டி. ஒரு கட்டு பேப்பரோட கிளாஸுக்குள்ள வர்றார். 'அஞ்சே நிமிஷத்துல ஃபில் பண்ணிக் குடுங்க. மேல பேரு, ரோல் நம்பர் மறக்காதீங்க!' ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு கட்டம். ஒருத்தன் மளமளன்னு 'இல்லவே இல்லை'யை வரிசையா டிக் அடிக்கிறான். பக்கத்துல இருக்கறவன் அதைப் பார்த்து காப்பி! (மனசைப் பத்தின பேப்பர்லயுமா மச்சி?) கடைசி பெஞ்ச்ல ஒருத்தி மட்டும் ஒன்பதாவது கேள்வியிலேயே பேனாவை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. அப்புறம் அவளும் 'இல்லவே இல்லை'ன்னு டிக் அடிச்சு, பேப்பரைக் கவிழ்த்து வைக்கிறா.

காட்சி கற்பனைதான். உங்க காலேஜ்ல நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியுமா?

அந்த பேப்பருக்குப் பேர் பிஎச்க்யூ-9. மன அழுத்த நோய் இருக்கலாமான்னு முதல்கட்டமாக வடிகட்டிப் பார்க்க, உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துவது. கடந்த ரெண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனசு சோர்ந்து கிடந்ததா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, நம்ம மேலேயே வெறுப்பா... இப்படிப் போகும். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 27. பத்தைத் தாண்டினா கவனிக்கணும், இருபதைத் தாண்டினா ரொம்பவே கவனிக்கணும்.

ஆனா, இது தெர்மாமீட்டர் மாதிரி. ஜுரம் இருக்குன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. செமஸ்டர் நேரத்துல யாருக்குய்யா தூக்கம் இருக்கு? தூக்கம், சாப்பாடு, அசதி, கவனம்னு நாலு கேள்வியிலேயே மார்க் ஏறிடும். ரத்தசோகை இருந்தாலும் அசதி வரும். தைராய்டு குறைஞ்சாலும் அசதி வரும், மனசும் சோரும். அதனால, மார்க்கைப் பார்த்ததும் 'உனக்கு டிப்ரஷன்'னு முத்திரை குத்துறது தப்பு. உட்கார வச்சுப் பேச ஓர் ஆள் வேணும்.

ஒன்பதாவது கேள்வி தனி ரகம். செத்துப்போனா தேவலைங்கற மாதிரி எண்ணம் வந்ததான்னு கேட்கும். மொத்த மார்க் எவ்வளவு கம்மியா இருந்தாலும் சரி, இதுக்கு மட்டும் 'ஆமா'ன்னு ஒருத்தர் டிக் அடிச்சா, அன்னிக்கே அவர்கிட்ட பேசியாகணும். அந்தக் கட்டு பேப்பர் ஸ்டாஃப் ரூம் பீரோவுக்குள்ள போய்த் தூங்கினா? கேட்காமலேயே இருந்திருக்கலாம்!

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கறாராகச் சொன்னது: 100 அல்லது அதுக்கு மேல மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியான கவுன்சலர் ஒருத்தராவது இருக்கணும். ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் உதவி எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கணும். சரி, உங்க ஹாஸ்டல் சுவத்துல என்ன எழுதியிருக்கு? மெஸ் பில் பாக்கி லிஸ்ட்டா?

பேரும் ரோல் நம்பரும் போட்ட ஃபார்மை இன்டர்னல் மார்க் போடறவர் கையிலயே குடுக்கச் சொன்னா, யாரும் உண்மை எழுத மாட்டாங்க. அதுக்காகப் பேரே இல்லாம வாங்கினா, தவிக்கிறது யாருன்னே தெரியாது. கவுன்சலர் மட்டும் பார்க்கிற மாதிரி நம்பர் போட்டு வாங்குறதுதான் உருப்படியான வழி. சிகிச்சைக்குப் போறவங்க விஷயத்தை ரகசியமா வைக்கணும்னு 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்லுது. உயிருக்கு ஆபத்து மாதிரி சில விலக்குகள் உண்டு. அதையும் ஃபார்ம் குடுக்கும்போதே பசங்ககிட்ட சொல்லிடறது நல்லது.

ஃபார்ம் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். ரூம்மேட் நாலு நாளா மெஸ்ஸுக்கே வரலையா? 'சாகணும்னு தோணுதாடா?'ன்னு நேராவே கேட்கலாம். கேட்கறதால புதுசா அந்த எண்ணம் முளைச்சிடாது. 'ஆமா'ன்னு சொன்னா தனியா விடாதீங்க. 14416, டெலி மனஸ். இலவசம், ராத்திரி ரெண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். உங்களுக்கே தோணினாலும் அதே நம்பர்தான்.

அடுத்த தடவை கிளாஸுக்கு அந்தக் கட்டு வந்தா, பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒருத்தராவது எழுந்து கேளுங்க: 'சார், இதை யார் படிப்பாங்க? எப்ப படிப்பாங்க?'