வாலைத் தூக்கினால் இரை தேடிப் போகிறது என்று அர்த்தம்

மிரிஸ்ஸ மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். கரை மறைவதற்குள் படகில் பாதிப்பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். நானும்தான்.

ஒன்றரை மணிநேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவுமில்லை. பிறகு படகோட்டி கையை நீட்டினார். தூரத்தில் புகை மாதிரி ஏதோ எழுந்து கலைந்தது. அது திமிங்கிலத்தின் மூச்சு. சற்று நேரத்தில் சாம்பல் கலந்த நீல நிறத்தில் ஒரு முதுகு மேலே வந்தது. வந்தது, வந்துகொண்டே இருந்தது. யாழ்ப்பாணத்தில் பாக்குநீரிணையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கடலில் இவ்வளவு பெரிய உயிர் இருக்கும் என்பது அதுவரை பாடப்புத்தக விடயம் மட்டுமே.

சில தடவை மூச்சு விட்டபின் வாலை முழுதாக மேலே தூக்கி, செங்குத்தாக இறங்கிப்போனது. எல்லோரும் படம் எடுத்தார்கள். "இனிப் பத்து நிமிசம் வராது, நங்கி. சாப்பிடப் போயிட்டுது" என்றார் படகோட்டி, என் அரைகுறைச் சிங்களத்துக்கு ஏற்ற மெதுவான சிங்களத்தில்.

அவர் சொன்னதில்தான் விடயமே இருக்கிறது. உலகின் மற்றப் பெரும்பாலான நீலத் திமிங்கிலங்கள் இரைக்காகக் குளிர்ந்த கடல்களுக்குப் போகின்றன. இலங்கையைச் சுற்றியுள்ளவை ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலிலேயே தங்கியிருந்து இரை எடுக்கின்றன. 2003இல் ஆய்வுக் கப்பலொன்றில் இருந்த கடல் உயிரியலாளர் ஆஷா டி வொஸ், நீரில் மிதந்த சிவப்பு நிறத் திமிங்கில எச்சத்தைப் பார்த்தே இதை ஊகிக்கத் தொடங்கினார். இங்கே அவற்றின் முக்கிய உணவு சிறு இறால் இனங்கள். அவை ஆழத்தில் இருப்பதால் செங்குத்தாக இறங்கவேண்டும். வால் மேலெழுவது அதனால்தான்.

ஆக, மேலே நிற்கும் அந்தச் சில நிமிடங்கள் அடுத்த முக்குளிப்புக்கு மூச்சைச் சேர்க்கும் நேரம். இரண்டாவது திமிங்கிலம் தெரிந்ததும் ஏழு படகுகள் அதைச் சூழ்ந்தன. 2012ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி 100 மீற்றருக்குள் நெருங்கக்கூடாது. எங்கள் படகு நின்றது, மற்றவை நிற்கவில்லை. அது வாலைக்கூடத் தூக்காமல் மறைந்துவிட்டது. பின்னால் இருந்த ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார். படகோட்டிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வால் தெரியாவிட்டால் காசு கேட்பவர்கள் நாங்கள்தானே.

படகுகளைவிடப் பெரிய ஆபத்து இன்னும் தெற்கே இருக்கிறது. சுயஸ் கால்வாய்க்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே ஓடும் கப்பல்கள் தெய்வேந்திரமுனையை ஒட்டித்தான் போகின்றன. அதே நீர்தான் திமிங்கிலங்களின் சாப்பாட்டு மேசை. 2012இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கப்பலொன்றின் முகப்பில் நீலத் திமிங்கிலத்தின் உடல் மடிந்து தொங்கியது. பாதையைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே தள்ளினால் மோதல் ஆபத்து பெருமளவு குறையும் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். 2022இல் எம்.எஸ்.சி. நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே நகர்த்தியது. எல்லாக் கப்பல்களுக்குமான பாதையை மாற்றவேண்டுமென்றால், இலங்கை அரசாங்கம் சர்வதேச கடல்சார் அமைப்பிடம் கேட்கவேண்டும்.

திரும்பும்போது தொடுவானில் கப்பல்களை எண்ணினேன். ஐந்து வரை எண்ணியதும் மறுபடி குமட்டத் தொடங்கியது.