மலைப்பாதையில் கொதிக்கும் எஞ்சின்: பழைய டீசல் ஜீப்புகளில் மிகைவெப்பத்தின் காரணத்தைக் கண்டறியும் முறை

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாறு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கிழக்கே போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகவும், வடக்கே உடுமலைப்பேட்டையிலிருந்து மறையூர் வழியாகவும், மேற்கே அடிமாலி வழியாகவும் அங்குச் செல்லும் பாதைகள் யாவும் நீண்ட ஏற்றங்களைக் கொண்டவை. பிரதான சாலைகளிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்கும் மலைக் குடியிருப்புகளுக்கும் செல்லும் கிளைப் பாதைகளில் பல, நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தக்கூடிய வண்டிகளாலன்றிக் கடக்க இயலாதவை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் பாதையும், முதுவான் மக்கள் வாழும் இடமலைக்குடியை நோக்கிச் செல்லும் வனப்பாதையும் இத்தகையனவாகும்.

இப்பாதைகளில் பெரும்பாலும் காணப்படுவது ஜீப்பு. மஹிந்திரா நிறுவனம் 1947-இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளை இணைத்து உருவாக்கத் தொடங்கியபோது அவற்றில் பெட்ரோல் எஞ்சினே இருந்தது. 1979-இல் பிரான்ஸ் தேசத்துப் பியூஜோ கம்பெனியின் டீசல் எஞ்சினை இந்தியாவில் தயாரிக்க உரிமம் பெறப்பட்டது. அதன் பின்னர் வந்த மேஜர், கமாண்டர் முதலிய டீசல் வண்டிகள் பல ஆண்டுகள் கடந்தும் மலைப் பிரதேசங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரேஷன் அரிசி, தடுப்பு மருந்து, பள்ளிப் புத்தகம் ஆகியவற்றைக் குடியிருப்புகளுக்கு எடுத்துச் செல்வதும், நோயாளிகளையும் பிரசவ வேதனையிலுள்ள பெண்களையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதும் இத்தகைய வண்டிகளே. வேறு வாகனம் வர இயலாத இடத்தில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றுவிடுமாயின், அதனால் ஏற்படும் தாமதம் ஓர் உயிரைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இக்கோளாறு ஏற்படும்போது காரணத்தை ஆராயாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை மாற்றுவது பலரிடம் காணப்படும் வழக்கம். ரேடியேட்டர் மாற்றப்படும், பின்னர் வாட்டர் பம்ப், அதன் பின்னரும் குறை நீங்காவிடில் எஞ்சினின் தலைப்பாகம் கழற்றப்படும். ஆயினும், எஞ்சின் எந்த வேளையில், எந்த இடத்தில், எந்த நிலையில் சூடாகிறது என்பதை முதலில் கவனித்துக் குறித்துக்கொண்டால், காரணத்தைப் பெரும்பாலும் செலவின்றியே கண்டுகொள்ளலாம். உயரமான இடங்களில் இதற்கும் முன்பாக அறிந்துகொள்ள வேண்டியது, நீர் கொதிப்பது வேறு, எஞ்சின் மிகையாகச் சூடாவது வேறு என்பதாகும்.

வெப்பத்தின் அளவு

ஆட்களும் பொருள்களும் சேர்ந்து 2,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு ஜீப்பு, போடி அடிவாரத்திலிருந்து மெட்டுவரை சுமார் 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது எனக் கொள்வோம். புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யப்படும் வேலை மட்டும் ஏறத்தாழ 2 கோடி ஜூல். எரிபொருளின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகிறது என வைத்துக்கொண்டால், இதற்காக 8 கோடி ஜூல் ஆற்றலைத் தரும் டீசல், அதாவது 2 லிட்டருக்குச் சற்று அதிகமாக, எரிய வேண்டும். எஞ்சியதில் பெரும் பகுதி புகையுடன் வெளியேறுகிறது. மற்றொரு பகுதியான ஏறத்தாழ 2 கோடி ஜூல் வெப்பத்தை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்று, ரேடியேட்டரின் வழியே காற்றில் விட வேண்டும். வண்டியை மலைமீது தூக்கும் வேலைக்கு ஈடான இவ்வெப்பம், 60 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ரேடியேட்டரும் எஞ்சினும் சேர்ந்து கொள்ளும் நீரோ சுமார் 10 லிட்டர்தான். ஆகவே ஏற்றத்தில் ரேடியேட்டர் தன் கடமையைச் சில நிமிடங்கள் செய்யத் தவறினாலும் விளைவு உடனே தெரிந்துவிடும்.

உயரம் இக்கடமையை மேலும் கடினமாக்குகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்திலுள்ளதில் சுமார் 86 சதவிகிதமே. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் ரேடியேட்டர் வழியே செல்லும் காற்றின் எடை குறைவு. உருளைகளுக்குள் செல்லும் காற்றும் அவ்வாறே குறைகிறது. சமவெளிக்கு ஏற்பச் செலுத்தப்படும் டீசல் மலையில் முழுவதும் எரியாமல் கரும்புகையாக வெளிவருகிறது. அதிக விசை கிடைக்கும் என எண்ணி டீசல் பம்பின் அளவைக் கூட்டி வைத்த வண்டிகளில் புகையின் உஷ்ணநிலை மேலும் உயர்ந்து எஞ்சினும் அதிகம் சூடாகிறது.

கொதித்தலும் மிகைவெப்பமும்

ஒரு திரவத்தின் கொதிநிலை அதன்மீதுள்ள அழுத்தத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தில் 100 டிகிரி செண்டிகிரேடில் கொதிக்கும் நீர், மூணாற்றில் சுமார் 95 டிகிரியிலும், 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 93 டிகிரியிலும் கொதித்துவிடும். குறையேதுமற்ற எஞ்சினின் நீர் 80 முதல் 90 டிகிரி வரை இருப்பது இயல்பு; நீண்ட ஏற்றத்தில் அது 95 டிகிரியை எட்டுவதும் உண்டு. எனவே, திறந்த நிலையிலுள்ள ரேடியேட்டர் எர்ணாகுளத்தில் தொல்லையின்றி இயங்கி, மூணாற்றில் கொதித்துப் பொங்கலாம்.

இதனைத் தடுப்பது ரேடியேட்டரின் மூடியாகும். மூடியிலுள்ள சுருள்வில், குறிப்பிட்ட அழுத்தம் உண்டாகும்வரை நீரையும் ஆவியையும் வெளியே விடாமல் அடைத்துக்கொள்கிறது. பழைய ஜீப்புகளில் காணப்படும், வளிமண்டலத்தைவிடச் சுமார் பாதியளவு கூடுதலான அழுத்தத்தைத் தாங்கும் மூடி, மூணாற்றில் கொதிநிலையைச் சுமார் 108 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்தோ வில் தளர்ந்தோ போனால் இந்த 13 டிகிரிப் பாதுகாப்பும் அற்றுப்போகும். எஞ்சினில் வேறு பழுது ஏதுமின்றியே நீர் பொங்கும். நீர் வெளியேறிய பின்னர் எஞ்சின் உண்மையாகவே மிகையாகச் சூடாகும். மலைப் பகுதியில் முதலில் சோதிக்க வேண்டியது மூடியே என்பதற்கு இதுவே காரணம்.

மூடியில் எதிர்த்திசையில் திறக்கும் மற்றொரு சிறு வால்வும் உண்டு. இரவில் எஞ்சின் குளிரும்போது உள்ளே ஏற்படும் வெற்றிடத்தை இது நீக்குகிறது. காலையில் மேல் ஹோஸ் குழாய் சப்பையாக ஒட்டியிருக்குமாயின் இச்சிறு வால்வு அடைபட்டிருக்கலாம்.

கழுத்துவரை நீர் நிரப்பும் வழக்கமும் தவறான முடிவுக்கு இடந்தரும். சூடாகும்போது நீர் விரிவடைவதால், தனிச் சேமிப்புக் கலம் இல்லாத வண்டிகளில் மிகுதியான நீர் வழிகுழாய் மூலம் சாலையில் கொட்டிவிடும். ஒவ்வொரு நாளும் அதே அளவு குறைவதைக் கண்டு கசிவு இருப்பதாகக் கருதலாகாது. கழுத்திலிருந்து இரண்டு விரற்கடை கீழே நீர் நிலைத்து நின்றால் அது போதுமானது.

காலமும் இடமும் தரும் குறிப்புகள்

மூடி சரியாக இருந்தும் எஞ்சின் சூடாகுமாயின், எப்போது சூடாகிறது என்பதைக் கொண்டு காரணத்தை வகுக்கலாம்.

1. மெதுவான ஏற்றத்திலும் நின்றபடி ஓடும்போதும் சூடாகி, சமவெளியில் வேகமாகச் செல்லும்போது தணிந்தால், குறை காற்றோட்டத்தில் உள்ளது. வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஏற்றத்தில் விசிறியை மட்டுமே நம்ப வேண்டும். பெல்ட் தளர்ச்சி, விசிறியைச் சூழ்ந்த தகட்டுக் கூடு கழற்றப்பட்டிருத்தல், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சேறும் பூச்சிகளும் புல் விதைகளும் அடைத்திருத்தல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

2. தேனி, உடுமலை போன்ற சமவெளிகளில் வேகமாகச் செல்லும்போது சூடானால், நீரோட்டம் போதவில்லை எனலாம். ரேடியேட்டர் குழாய்களுக்குள் படிந்த துருவும் சுண்ணாம்பும், வாட்டர் பம்பின் தேய்ந்த இறக்கைகளும், பம்பின் உறிஞ்சலால் சுருங்கும் கீழ் ஹோஸும் இதற்குக் காரணங்கள்.

3. புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூடானால், நீர் குறைவு, தெர்மோஸ்டாட் திறவாமை, அல்லது ஹெட் கேஸ்கட் பழுது என்று கொள்ளலாம்.

4. பாரத்துடன் ஏறும்போது மட்டும் சூடாகி, கரும்புகையும் வந்தால், டீசல் மிகுதி, இஞ்செக்டர் பழுது, டீசல் செலுத்தும் நேரப் பிழை ஆகியவற்றை ஆராய வேண்டும். பிரேக் விடுபடாமல் உராய்வதும், கிளட்ச் வழுக்குவதும் எஞ்சினின் சுமையைக் கூட்டும். தார்ச்சாலையிலும் நான்கு சக்கர விசையை விலக்காமல் கொண்டைஊசி வளைவுகளில் திருப்புவதும் அத்தகையதே. வளைவில் முன், பின் சக்கரங்கள் கடக்கும் தூரம் வேறுபடுவதால் விசையமைப்பு முறுக்கேறுகிறது.

5. உயர் கியரில் திணறியபடி ஏறும்போது சூடாகி, கியரைக் குறைத்தவுடன் தணிந்தால், பழுது வண்டியில் இல்லை. ஓட்டும் முறையில் உள்ளது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது விசிறியும் பம்பும் மெதுவாகவே சுழல்கின்றன.

6. முள் உச்சியைக் காட்டியும் நீர் அமைதியாக இருந்தால், மானியோ அதன் மின் இணைப்போ பிழைபட்டிருக்கலாம். இதற்கு மாறாக, நீர் முழுவதும் வெளியேறியபின் உணர்கருவி நீரில் படாததால் முள் தாழ்ந்து காட்டுவதும் உண்டு. இது பெரிதும் அபாயகரமானது.

குளிர்ந்த எஞ்சினில் செய்யும் சோதனைகள்

பெல்ட்டின் நடுவே பெருவிரலால் அழுத்தினால் அது அரை அங்குல அளவே தாழ வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்குக் கை எட்டாதபடி, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்கலாம். முதலில் குளிர்ந்திருந்து, தெர்மோஸ்டாட் திறந்ததும் திடீரெனச் சூடாவது நன்னிலை. எஞ்சின் கொதிக்கும் தறுவாயிலும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியபின் ரேடியேட்டரின் முகத்தைத் தடவினால், அடைபட்ட குழாய்கள் உள்ள பகுதி மட்டும் குளிர்ந்து தோன்றும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது பட்டறைகளில் உள்ள வழக்கம், இது சரியன்று. சில எஞ்சின்களில் அது திறக்கும்போதே ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பக்கவழியை மூடுகிறது. அதை நீக்கிவிட்டால் நீரின் ஒரு பகுதி குளிராமலே எஞ்சினுக்குத் திரும்பும். மேலும், மார்கழி, தை மாதங்களில் உறைபனி காணும் மூணாற்றில் எஞ்சின் தக்க உஷ்ணநிலையை அடையாமல் தேய்மானமும் டீசல் செலவும் கூடும்.

ஹெட் கேஸ்கட் பழுதை அறிய, பெல்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, குளிர்ந்த எஞ்சினை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடவிட வேண்டும். பம்ப் சுழலாத நிலையிலும் நீரில் குமிழிகள் இடைவிடாது எழுமாயின், எரிவாயு நீர்ப்பாதையில் புகுகிறது என்பது தெளிவு. வெண்புகையை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. குளிர்ந்த மலைக் காலையில் எல்லா வண்டிகளிலும் நீராவி வெண்மையாகத் தோன்றும். எண்ணெய் மூடியின் அடியில் சிறிது வெண்படலம் காண்பதும் குறுந்தூர ஓட்டத்தின் விளைவாக இருக்கலாம். அளவுகோலில் எண்ணெய் முழுவதும் பால் கலந்ததுபோல் இருந்தால்தான் ஐயத்துக்கு இடமில்லை.

நடுவழியில் செய்ய வேண்டியவை

சூடான மூடியைத் திறப்பது ஒருபோதும் கூடாது. உள்ளே 105 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே தனது கொதிநிலையைத் தாண்டியதாகி, ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். நீர் வெளியேறாதிருந்து விசிறியும் ஓடினால், வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிடுவது நலம். நீர் வெளியேறிவிட்டாலோ பெல்ட் அறுந்துவிட்டாலோ உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். அரை மணி நேரமாவது பொறுத்து, ஹோஸைக் கையால் பற்ற இயலும் நிலை வந்த பின்னரே, துணியைப் போர்த்தி மூடியைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். காய்ந்த எஞ்சினில் அருவி நீரை ஒரேயடியாக ஊற்றினால் தலைப்பாகம் வெடிப்புக் காணும்.

அவசரத்துக்கு ஓடை நீர் பயன்படலாம். ஆனால் அதையே வழக்கமாக்கினால் துருவும் வண்டலும் சேரும். உரிய விகிதத்தில் கூலன்ட் திரவம் கலந்த தூய நீர், துருவைத் தடுப்பதுடன் கொதிநிலையையும் சற்று உயர்த்துகிறது, உறைபனியிலும் காக்கிறது. கூலன்ட்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சாதலால், அதைக் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைத்தல் அவசியம்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்கள் இவ்விஷயத்தை எளிய சோதனைகளால் விளக்கலாம். மூணாற்றிலுள்ள பள்ளியில் கொதிநீரில் உஷ்ணமானியை வைத்தால் அது 100 டிகிரியை எட்டாததை மாணவர்களே காண்பர். பழைய தெர்மோஸ்டாட் ஒன்றைப் பாத்திரத்து நீரில் நூலால் தொங்கவிட்டுச் சூடாக்கினால், மெழுகு விரிந்து வால்வு திறக்கும் உஷ்ணநிலையைக் குறித்துக்கொள்ளலாம். பல வண்டிகளில் இது 82 டிகிரியை ஒட்டியிருக்கும். முழுவதும் திறக்க 95 டிகிரி வேண்டிய தெர்மோஸ்டாட்டாயின், மூணாற்றில் திறந்த பாத்திரத்தில் அது முழுமையாகத் திறவாது. அதனைப் பழுதானது என எறிந்துவிடலாகாது. ஊசியில்லாத பெரிய மருந்துப் பீச்சாங்குழலில் சிறிது வெந்நீரை எடுத்து, முனையை அடைத்துத் தண்டை இழுத்தால், அழுத்தம் குறைந்து நீர் கொதிப்பதையும், தண்டை விட்டவுடன் கொதித்தல் அடங்குவதையும் காணலாம். ரேடியேட்டர் மூடியின் வேலை இதுவே.

வண்டியைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஊழியர்கள், ஒவ்வொரு முறை எஞ்சின் சூடானபோதும் இடம், கியர், வேகம், புகையின் நிறம், ஊற்றிய நீரின் அளவு ஆகிய ஐந்தையும் வண்டியின் குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. அக்குறிப்பு கைவசமிருந்தால், பட்டறையில் எந்தப் பாகத்தை முதலில் கழற்ற வேண்டும், எதைத் தொட வேண்டியதேயில்லை என்பதைக் கழற்றுவதற்கு முன்னரே முடிவு செய்துகொள்ளலாம்.