‘எந்திரன்’: பாதியில் அறுந்த இழைகள்

ஷங்கர் இயக்கி 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் உயிர், முற்பகுதியில் வரும் ஒரு சோதனையில் இருக்கிறது. விஞ்ஞானி வசீகரனைக் குத்தும்படி, அவர் உருவாக்கிய ரோபோவான சிட்டிக்கு, அதை மதிப்பிடும் பேராசிரியர் போரா கட்டளையிடுகிறார். படைத்தவன் என்றும் பாராமல் சிட்டி கத்தியோடு நெருங்குகிறது. நல்லது கெட்டது அறியாத இயந்திரத்துக்கு அனுமதி இல்லை என்கிறார் போரா. பிறகு அதே போராதான் சிவப்பு சிப்பைப் பொருத்தி அதை அழிவுக் கருவியாக்குகிறார். அறிவு இருந்தும் விவேகம் இல்லாத ஆற்றலுக்கு யார் பொறுப்பு? படத்தின் கிளைக்கதைகள் அத்தனையும் இந்த ஒரு கேள்வியில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சில சேர்கின்றன, சில நடுவழியிலேயே நின்றுவிடுகின்றன.

தீ விபத்துக் காட்சியை எடுத்துக்கொள்வோம். குளித்துக்கொண்டிருந்த பெண்ணை உடையில்லாமலே சிட்டி தூக்கிவந்து காப்பாற்றுகிறது. அவமானம் தாங்காமல் ஓடியவள் வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டிக்கு உணர்ச்சி ஊட்டப்படுவதே இந்த மரணத்தின் விளைவுதான். ஆனால் அதன்பின் படம் அவளை மறந்துவிடுகிறது. இறுதியில் சிட்டியைக் கழற்றிவிட நீதிமன்றம் உத்தரவிடும் இடத்தில் அவளுடைய பெற்றோர் நின்றிருந்தால், வழக்கு சிவப்பு சிப்போடு முடிந்திருக்காது. வசீகரனின் அவசரமும் கூண்டில் ஏறியிருக்கும். போராவிடம் ரோபோ வாங்க வந்த தீவிரவாத அமைப்பினரின் கதையும் அவரோடு மறைந்துபோகிறது. வசீகரனோ சிட்டியை ராணுவத்துக்குத் தர நினைப்பவர். கேள்வி கேட்காமல் கொல்லும் கருவியையே இரு தரப்பும் விரும்புகின்றன என்று படம் அருகருகே வைத்துக் காட்டியிருந்தால், நாயகனுக்கும் வில்லனுக்கும் உள்ள இடைவெளி நம்மைச் சங்கடப்படுத்தும் அளவுக்குக் குறுகியிருக்கும்.

வெகுஜனப் படத்தில் சிரிப்பும் காதலும் சண்டையும் கலந்துதான் வரும், எல்லாவற்றையும் ஒரே கருத்தில் கட்டினால் சுவை போய்விடும் என்று சிலர் சொல்லலாம். எதையும் வெட்டச் சொல்லவில்லை, இணைக்கத்தான் சொல்கிறேன். வசீகரனின் காதலி சனாவைக் கடித்த கொசுவைச் சிட்டி தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்கவைக்கும் காட்சி வெறும் வேடிக்கை அல்ல. சனாமீது கொண்ட காதலுக்காக எதையும் செய்யத் துணியும் ஆற்றலின் முதல் அடையாளம் அது. மணமேடையிலிருந்து சனாவைக் கடத்துவது அதன் வளர்ச்சி. சிரிப்பு குறையாமலே அந்தக் காட்சி மையக் கேள்வியைச் சுமக்கிறது.

படத்தின் முடிவில், கதை 2030க்குத் தாவும்போது, அருங்காட்சியகத்தில் கிடக்கும் சிட்டி, தான் சிந்திக்கத் தொடங்கியதே கழற்றப்பட்டதற்குக் காரணம் என்கிறது. அந்தச் சிந்தனை காதலில் தொடங்கியதாகவே படம் நம்மை எண்ணவைக்கிறது. இறந்த பெண்ணின் நினைவில் தொடங்கியிருந்தால், அந்தப் பதில் முழுப் படத்தின் பாரத்தையும் தாங்கியிருக்கும்.