பயிர் பாதி, குளவி பாதி

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதையில், செவ்வாப்பேட்டைக்குப் பக்கத்தில் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவாகி 1952-இல் வெளிவந்த டி.கே.எம். 6 என்ற நெல், உலக வேளாண் ஆராய்ச்சியில் நீங்காத இடம் பிடித்தது. மகசூலுக்காக அல்ல. குருத்துப்பூச்சிக்கு அது எளிதில் பணியவில்லை என்பதற்காக.

குருத்துப்பூச்சி என்ன செய்யும் என்பதைக் காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நவரை, சொர்ணவாரிப் பட்டங்களில் நெல் போடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்து இலை நுனியில் முட்டைக் குவியலை இட்டுத் தன் உடல் மயிரால் மூடிவிடும். பொரித்த புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வரும். கதிர் விட்ட பயிர் என்றால் வெண்கதிர்தான், ஒரு மணி தேறாது. தண்டுக்குள் புகுந்துவிட்ட புழுவை மருந்து எட்டுவதும் கடினம்.

டி.கே.எம். 6 மட்டும் எப்படித் தாங்கியது? பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதைத் துருவிப் பார்த்தது. பயிரிலேயே இருந்த பென்டாடெகனல் என்ற பொருள் அகப்பட்டது. தண்டுத்துளைப்பான்கள் எனப்படும் குருத்துப்பூச்சிகளில் கோடு போட்ட இனத்திடம் சோதித்தபோது, அந்து முட்டையிடுவது, முட்டை பொரிப்பது, புழு வளர்வது என எல்லாவற்றையும் அது தடுத்தது. நெல்லுக்கு மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்காவும் ஆயுதம். சிலிக்கா மிகுந்த ரகங்களைத் தின்ற புழுக்களின் தாடைகள் தேய்ந்திருந்ததை 1967-இல் ஜாமின், பதக் இருவரும் எழுதினார்கள்.

இவ்வளவு இருந்தும் டி.கே.எம். 6 பூச்சியை ஒழித்துவிடவில்லை, மட்டுப்படுத்தியது. என்னைக் கேட்டால் அதன் பெருமையே அதுதான். வளர்ச்சி தடைப்பட்ட பூச்சி, எதிரிகளின் கண்ணில் கூடுதல் நாள் படுகிறது. பூச்சி குறைவாக இருப்பதால் இருக்கிற எதிரிகளே அதைச் சமாளித்துவிடுகின்றன.

அந்த எதிரிகளில் ஒன்று டெலினோமஸ், கடுகில் பாதிகூட இல்லாத குளவி. பெண் அந்தின் வயிற்று நுனி மயிரைப் பற்றிக்கொண்டு கூடவே பயணம் போகும். அந்து முட்டையிட இட, மயிர் மூடுவதற்குள் தன் முட்டையை அதற்குள் செலுத்திவிடும். பிறகு அதிலிருந்து வருவது புழு அல்ல, குளவி. இதைப்போலவே முட்டைக்குள் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா குளவியைத்தான் அட்டையில் ஒட்டித் தருகிறார்கள். ஏக்கருக்கு 2 சி.சி. அட்டை என்றால் சுமார் 40,000 முட்டைகள், கறுப்பு மணலைத் தூவியதுபோல் இருக்கும்.

பயிர் குளவியைக் கூப்பிடவும் செய்கிறது. புகையான் என்ற தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிய நெல், காற்றில் லினலூல் கலந்த மணத்தை விடுகிறது. தனியாவின் வாசனையில் இருக்கும் அதே பொருள்தான். அது புகையானை விலக்குகிறது, அதன் முட்டைகளைத் தேடும் குளவிகளை ஈர்க்கிறது என்று சீன வயல்களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

எல்லாப் பயிரிலும் இந்தக் கூட்டு இவ்வளவு சுமுகமாக இல்லை. தக்காளி இலையின் பசைமயிர்கள் பூச்சியோடு டிரைக்கோகிரம்மாவையும் சிக்கவைக்கின்றன. ரகத்தின் எதிர்ப்பை மட்டும் நம்பினாலும் ஆபத்து. டி.கே.எம். 6-இன் ஒரு வாரிசு, நம் வீடுகளில் வெந்த ஐ.ஆர். 20. இன்னொன்றான ஐ.ஆர். 26, 1973-இல் புகையானை எதிர்க்கும் ரகமாக வெளிவந்தது. சில ஆண்டுகளிலேயே அதையும் தின்னப் பழகிய புகையான் கிளம்பிவிட்டது. இந்தோனேசியாவில் மருந்தை மேலும் மேலும் தெளித்ததில் சிலந்தியும் குளவியும் மடிந்து புகையான் பெருகியது. 1986-இல் அந்த அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது.

இனி நம் வயலுக்கு வருவோம். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கொழுத்துத் தன் எதிர்ப்பை இழக்கும். நட்ட முதல் 30 நாள், இலை கடிபட்டதைப் பார்த்ததுமே மருந்து தெளிக்க ஓடாதீர்கள். நாற்று நடும்போது இலை நுனியைக் கிள்ளுவீர்கள் அல்லவா, அதைக் கொளுத்தவும் வேண்டாம். அதிலுள்ள முட்டைக் குவியல்களை மூங்கில் கூண்டில் இட்டு வயலிலேயே வையுங்கள். புழு அங்கேயே மடியும், குளவி பறந்து பயிருக்குப் போகும்.