வீல் ஸ்பேசர் பொருத்துமுன்

நாக்பூர்க் கிளையில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், கார் கடன் பெற்றிருந்த வாடிக்கையாளர் ஒருவர் தவணையைச் செலுத்தச் சற்று அவகாசம் கேட்டு வந்தார். நெடுஞ்சாலையில் சென்றுகொண்டிருந்தபோது அவரது காரின் பின்சக்கரம் ஒன்று கழன்று ஓடிவிட்டது. நற்பேறாக எவருக்கும் காயமில்லை. ஆனால் பிரேக் டிரம்மும் மட்கார்டும் சிதைந்துவிட்டன. சக்கரத்துக்குப் பின்னால் இருந்த 25 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைப் பற்றிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்பே தெரிவித்தீர்களா என்பதே சர்வேயர் எழுப்பிய முதல் கேள்வி. தெரிவிக்கவில்லை. இழப்பீட்டுக் கோரிக்கை மாதக்கணக்கில் நின்றது. தவணைத் தேதி நிற்கவில்லை.

அந்தத் தகட்டின் பெயர்தான் வீல் ஸ்பேசர். அச்சின் முனையிலுள்ள ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே அமர்ந்து, சக்கரத்தை வெளிப்புறமாகத் தள்ளுவது அதன் பணி. புதிய அலாய் வீல் பிரேக்கில் உரசாதிருக்கச் சிலர் பொருத்துகின்றனர். வண்டி அகலமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் பொருத்துவோரே மிகுதி. முன்னது தேவை, பின்னது ஆசை. ஆசையைக் குறைகூற நாங்கள் முற்படவில்லை. அதைச் செய்யும் முறையைத்தான் சொல்ல விரும்புகிறோம்.

ஸ்பேசரில் இரு வகை உண்டு. 3 அல்லது 5 மில்லிமீட்டர் கனமுள்ள வெறுந்தகடு ஒரு வகை. காரின் சொந்த ஸ்டட்டுகளே அதன் துளைகள் வழியாக வெளிவந்து சக்கரத்தைப் பிடிக்கின்றன. தகட்டின் கனம் எவ்வளவோ, அவ்வளவு மரை நட்டுக்கு இல்லாமற் போகிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளமாவது நட்டு மரைக்குள் ஏறியிருக்க வேண்டும் என்பது பொறியாளர் கடைப்பிடிக்கும் பொதுவிதி. 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் உள்ள ஸ்டட்டில் நட்டு 8 முழுச் சுற்றுகள் ஏற வேண்டும். இடைவெளி 1.25 ஆயின் ஏறக்குறைய 10 சுற்றுகள். கையாலேயே நட்டைச் சுழற்றி எண்ணிப் பார்க்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். சுற்று குறைந்தால் நீளமான ஸ்டட்டுகளை மாற்ற வேண்டும். இல்லையேல் அத்தகட்டைக் கைவிட வேண்டும். இரண்டு தகடுகளை அடுக்கிப் பொருத்துவதைக் கனவிலும் நினைக்கலாகாது.

மற்றொரு வகை, பொதுவாக 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கனமுள்ளது. இது ஹப்பில் தனியே முடுக்கப்படுகிறது. சக்கரத்தைத் தாங்கத் தனி ஸ்டட்டுகளும் இதில் உண்டு. காரின் பழைய ஸ்டட்டுகள் இத்தகட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், ரிம்மின் பின்புறத்தில் அதற்கேற்ற குழிவு இருக்க வேண்டும். குழிவு இல்லையெனில் சக்கரம் சமமாக அமராது. முடுக்கியது போலத் தோன்றும், ஆனால் சில கிலோமீட்டரில் தளரும்.

எந்த வகையாயினும், துளைகள் அமைந்த வட்டத்தின் அளவும் நடுத்துளையின் அளவும் காருக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். நம் நாட்டுச் சிறிய கார்கள் பலவற்றில் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் 4 துளைகள்; பெரிய கார்கள் பலவற்றில் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 துளைகள். நடுத்துளை ஹப்பின் விளிம்பை இறுகக் கவ்வுவதோடு, சக்கரம் அமர்வதற்குரிய விளிம்பு தகட்டிலும் இருத்தல் வேண்டும். விளிம்பற்ற மலிவுத் தகட்டில் சக்கரம் மையம் விலகி அதிர்கிறது. அதிர்வினால் நட்டு தளர்கிறது. தளர்ந்த பின் ஸ்டட் வளைந்து வளைந்து முறிகிறது. முன்னர் கூறிய வாடிக்கையாளரின் தகட்டில் அவ்விளிம்பு இல்லை.

பொருத்தும் நாளில் ஹப்பின் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் முற்றும் நீக்கச் செய்யுங்கள். மரையில் கிரீஸ் பூச வேண்டாம். பூசினால் முடுக்கும் அளவு பொய்த்துவிடும். நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, காரின் கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்க வேண்டும். பஞ்சர் கடையின் காற்றுத் துப்பாக்கி சடசடவென்று ஓய்வதை வைத்து, போதும் என்று கணித்துவிட இயலாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முடுக்கச் சரிபார்ப்பு அவசியம். ஐந்து பேர் அமர்ந்த நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, டயர் மட்கார்டில் உரசுகிறதா என்றும் பாருங்கள். சக்கரம் வெளியே செல்லச் செல்ல பேரிங்கின் மீது சுமை கூடும் என்பதால், அதன் ஆயுள் குறையும் என்பதையும் கணக்கில் கொள்க.

இனி எங்கள் துறைக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதி, பதிலைப் பாலிசியுடன் இணைத்து வையுங்கள். வண்டி வங்கியின் ஹைப்பாதிகேஷனில் இருக்கும்போது இழப்பீடு மறுக்கப்பட்டால், கார் போன பின்னும் கடன் உங்கள் பெயரிலேயே நிற்கும். கடன் ஒப்பந்தத்தில் மாற்றங்கள் குறித்த நிபந்தனை இருப்பின், கிளைக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்.

சிறியதொரு குறிப்பும் உண்டு. அலாய் வீலுக்கெனப் புதிய நட்டுகள் வாங்குவோர் பழையவற்றைக் கடையிலேயே விட்டுவிடுகின்றனர். டிக்கியில் இருக்கும் ஸ்பேர் சக்கரம் இரும்பு ரிம்மாக இருந்தால் புதிய நட்டுகள் அதில் சரியாக அமராமற் போகலாம். பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி, ஜாக்கியின் அருகிலேயே வைத்துவிடுங்கள்.