சுருள்வில்லுக்குள் ஒரு மண்டபம்

கருங்கல் மண்டபம் ஒன்றில் மெல்லக் கை தட்டிப் பாருங்கள். கைகள் நின்றபின்னும் ஓசை உடனே நிற்பதில்லை. சற்று நேரம் முழங்கித் தேய்ந்து மறைகிறது. அதே கைத்தட்டலை, ஓசூர் சிப்காட் பக்கம் நான்கு நண்பர்கள் சேர்ந்து தங்கியிருக்கும் வாடகை அறையில் செய்யுங்கள். கட்டில், மெத்தை, கொடியில் தொங்கும் துணிகள் எல்லாம் சேர்ந்து ஓசையை விழுங்கிவிடும். அத்தகைய அறையில், 4440 போர்டு வாங்கிச் சொந்தமாகப் பூட்டிய ஆம்ப்ளிஃபையரில் கிதார் வாசிப்பவருக்கு, தந்தியின் நாதம் வறண்டு கேட்பதில் வியப்பில்லை. சுருதியில் குறையில்லை, சத்தத்திலும் குறையில்லை. குறைவது மண்டபம்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. 17 மீட்டருக்கு அப்பாலுள்ள பாறையில் பட்டுத் திரும்ப 0.1 நொடியாவது ஆகும். அப்போது அது தனி ஓசையாகக் கேட்கிறது. இது எதிரொலி. மண்டபத்திலோ பல சுவர்களிலிருந்து பல தொலைவுகளைக் கடந்து நூற்றுக்கணக்கான எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. காது அவற்றைப் பிரித்தறிவதில்லை. இதுதான் எதிர்முழக்கம்; கிதார்க்காரர்கள் 'ரிவெர்ப்' என்பார்கள்.

இதை முதலில் அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின். 1895-ல், பேச்சே புரியாத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சீர்செய்யும் வேலை அவரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டும் எடுத்தும், ஓர் ஆர்கன் குழலின் ஓசை எத்தனை நொடியில் மறைகிறது என்று குறித்தார். அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, ஒலியை உட்கவரும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும் என்பது அவர் கண்ட விதி. நம் வாடகை அறைக்கே போட்டுப் பார்க்கலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கன அளவு 36. வெறும் சுவர்களானால் உட்கவரும் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். எதிர்முழக்கம் ஏறக்குறைய 3 நொடி. மெத்தையும் துணியும் ஆட்களும் சேர்ந்து அதை 12 ஆக்கினால் அரை நொடிகூட மிஞ்சாது.

அறையை மாற்ற முடியாது. ஆனால் ஒலிக்கு இன்னொரு பாதை போட்டுக் கொடுக்கலாம். தொலைதூரத் தொலைபேசிப் பேச்சில் ஏற்படும் தாமதத்தை ஆய்வகத்திலேயே உண்டாக்க, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் சுருள்வில்லைப் பயன்படுத்தினர். அதை லாரன்ஸ் ஹாமண்ட் தம் மின் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டார். ஃபெண்டர் நிறுவனம் 1961-ல் தனிப் பெட்டியாகவும், 1963-ல் கிதார் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயும் வில்லை வைத்தது.

வில் எப்படி மண்டபமாகிறது? நேரான எஃகுக் கம்பியில் ஒலி நொடிக்கு 5,000 மீட்டர் பாயும். அரை மீட்டர்க் கம்பியால் ஒரு பயனும் இல்லை. அதே கம்பியை மெல்லிய சுருளாகச் சுற்றி ஒரு முனையை முறுக்கினால், அந்த முறுக்கு சுற்றுக்குச் சுற்று தயங்கித் தயங்கிச் செல்கிறது. சுமார் 42 செ.மீ. நீளமுள்ள பெயர்பெற்ற ரிவெர்ப் பெட்டி ஒன்றில், ஒரு வில்லைக் கடக்க 33 மில்லிநொடியும் இன்னொன்றைக் கடக்க 41 மில்லிநொடியும் ஆகின்றன. 33 மில்லிநொடியில் ஒலி காற்றில் 11 மீட்டர் போய்விடும்! முனையை அடைந்த அதிர்வு திரும்பி வந்து, மறுபடியும் போய், தேயும்வரை ஊசலாடுகிறது. இரு வில்களின் நேரங்கள் வேறுபடுவதால் எதிரொலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் கலந்துவிடுகின்றன.

இனி சுற்றுக்கு வருவோம். கிதாரின் முன்பெருக்கியிலிருந்து வரும் சைகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று நேரே 4440 போர்டுக்குப் போகட்டும். மற்றது 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக எல்.எம்.386 சில்லுக்குச் செல்லட்டும். இந்தச் சிறு மின்தேக்கி அடித்தொனியைத் தடுக்கிறது. தடுக்காவிட்டால் வில் குழம்பி உறுமும். எல்.எம்.386, பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை இயக்கும். அதன் கூம்பின் நடுவில் வில்லின் ஒரு முனையை அரால்டைட் கொண்டு ஒட்டுங்கள். மறுமுனையை ஒரு பீசோ தகட்டில் ஒட்டுங்கள். தகட்டின் மின்னழுத்தம் மிகச் சிறிது. ஆகவே 1 மெகாஓம் உள்மின்தடை கொண்ட டி.எல்.072 பெருக்கியில் முதலில் 20 மடங்கு பெருக்கி, போதாவிட்டால் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு வால்யூம் குமிழ்; பிறகு, நேர்ப்பாதைக்கும் வில்பாதைக்கும் ஆளுக்கொரு 100 கிலோஓம் மின்தடை வைத்து இரண்டையும் சேருங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் மின்சாரம் நேர்மின்னாக்கியபின் 16 வோல்ட்டைத் தொடும். இரு சில்லுகளுக்கும் 7809 மூலம் 9 வோல்ட் கொடுப்பதே நல்லது. டி.எல்.072-க்கு இரண்டு 10 கிலோஓம் மின்தடைகளால் பாதி மின்னழுத்தமும் அமைக்க வேண்டும். கையில் இருப்பது பழைய வால்வு ஆம்ப்ளிஃபையரானால் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்தபின்னும் அதன் மின்தேக்கிகளில் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

சில்லுகள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்; ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். வில்லில்தான் கவனம் வேண்டும். வாகனப் பாகங்களுக்கான வில்கள் பாரம் தாங்கச் செய்யப்பட்டவை, விறைப்பானவை, உதவாது. மெல்லிய கம்பியில் நெருக்கமாகச் சுற்றிய, ஊதினால் ஆடும் இழுவில் வேண்டும். சுற்றுகள் ஒன்றையொன்று தொடாத அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டுங்கள். வேறுபட்ட நீளத்தில் இரண்டு வைத்தால் இன்னும் நல்லது.

'எக்கோ போர்டு' என்று விற்கப்படும் பி.டி.2399 சில்லுப் பலகை எளிதல்லவா என்று கேட்கலாம். எளிதுதான், பாட்டுக்காரரின் மைக்குக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் ஒரு சில்லு ஒரே தாமதத்தைத்தான் தருகிறது, கேட்பது எதிரொலி. முழக்கம் வேண்டுமானால் வெவ்வேறு தாமதமுள்ள சில்லுகள் பல வேண்டும்.

பூட்டி முடித்ததும் 'ம்ம்ம்' என்று இரைந்தால், பீசோ கம்பியை உறையிட்ட கம்பியாக்கி உறையை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்புச் செய்யுங்கள். வில்பெட்டியை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி வையுங்கள். குமிழைத் திருகும்போது ஊளையிட்டால், பெரிய ஸ்பீக்கரின் அதிர்வு வில்லை ஆட்டுகிறது என்று பொருள். பெட்டியை ரப்பர் பட்டைகளில் தொங்கவிடுங்கள். தெரியாமல் பெட்டியை இடித்துவிட்டால் இடி இடிப்பதுபோல் ஒரு சத்தம் வரும். பயப்பட வேண்டாம், வில் வேலை செய்கிறது.